முன்சீட்டுக்காரி

செத்துப் போனவ மேல பொறாமைப்படக் கூடாதுன்னு சொல்றாங்களே, அவங்க யாரும் ரெண்டாந்தாரமா வாழ்ந்து பார்த்தவங்க இல்ல. எனக்கு முடி நரைக்குது, முட்டி வலிக்குது, குரல் கரகரங்குது. அவ மட்டும் போட்டோவுல அப்படியே இருக்கா. அவளோட நான் எப்படிப் போட்டி போடுறது சொல்லுங்க?

என் வீட்டுக்காரரு பஸ் டிரைவர். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் டிரைவர்தான். நாற்காலியிலிருந்து எழுந்திரிக்கும்போது கூட ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துட்டுத்தான் எழுந்திரிப்பாரு. ஜன்னல் பக்கத்துக் கை வெயில்ல கறுத்தது கறுத்ததுதான், இன்னொரு கை வேற யாரோடதோ மாதிரி வெளுப்பா இருக்கும். அவ்வளவு வருஷ சர்வீஸ்ல ஒரு கோழிக்குஞ்சு மேல கூட வண்டியை ஏத்தினதில்ல. ஆனா வண்டி கடைசி ஸ்டாப்ல நின்னா ஒரு சிகரெட் பத்தவைக்கணும். திரும்பி வந்து இந்தக் கடைசி ஸ்டாப்ல நின்னா இன்னொண்ணு. புகைக்கும் டைம்டேபிள் போட்ட மகராசன்.

வீட்டுல பேச்சுன்னா வாயிலிருந்து முத்து உதிர்ந்துடும். “டீ.” “சாவி.” “ஏய், கண்ணாடி எங்க?” அவ்வளவுதான். ஏய்ங்கிறது நான். இத்தனை வருஷத்துல என் பேரை அவரு சொல்லிக் கேட்டது ரேஷன் கார்டு ஆபீஸ்லதான், அதுவும் அங்க இருந்தவங்க கேட்டதால.

முதல் பொண்டாட்டியை அவரு பிடிச்சதே பஸ்லதான். தினம் காலையில ஒரே ஸ்டாப்ல ஏறுவாளாம். டிரைவர் பக்கத்துல எஞ்சின் மூடியை ஒட்டி ஒரு ஒத்தை சீட்டு இருக்குமே, அதுலதான் உக்காருவாளாம். வேற யாரும் உக்காந்துடக் கூடாதுன்னு இவரு கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிச்சு வெச்சிருப்பாராம். இதையெல்லாம் சொன்னது இவரு இல்ல, இவரோட கண்டக்டர். எங்க கல்யாணத்தன்னிக்கு வந்து, “உயரம் கூட அவ உயரமே இருக்கு. டிரைவருக்கு ஜெராக்ஸ் கிடைச்சிடுச்சுய்யா!”ன்னான் பாவி. நான் ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தேன், அதனால எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அன்னிக்கு அவளுக்கு முன்சீட்டுக்காரின்னு பேர் வெச்சேன், மனசுக்குள்ள.

காய்ச்சல்ல போயிட்டா அவ, நாலு வயசுப் பொண்ணை விட்டுட்டு. அந்தப் பொண்ணுக்குப் பேன் பார்த்து, தலை வாரி, கணக்குச் சொல்லிக் கொடுத்து, வேலைக்கு அனுப்பி, கட்டிக் கொடுத்தது நான். என்னை சித்தின்னுதான் கூப்பிடுவா. தங்கமான பொண்ணு, குறை சொல்ல மாட்டேன். ஆனா அவ சிரிக்கும்போது போட்டோவுல இருக்கிற அதே பல் வரிசை எட்டிப் பார்க்கும். அப்போ நான் அடுப்படிக்குப் போயிடுவேன்.

இப்படியே காலம் ஓடிக்கிட்டிருந்தப்போ, கண்புரை ஆபரேஷனுக்குப் போன மனுஷனுக்கு எதுக்கும் இருக்கட்டும்னு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. வலது நுரையீரல்ல அடிப்பக்கம் ஒரு கட்டி. புற்றுநோய்னுட்டாங்க. நல்ல வேளை, எங்கயும் பரவல. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துடலாம்னு சொன்னாங்க.

எழுபத்தாறு வயசுல நெஞ்சைக் கிழிக்கணுமான்னு நான் பதறினேன். டாக்டரம்மா பொறுமையானவங்க. அவரைக் கூட்டிக்கிட்டுப் போய் மாடிப்படி ஏற வெச்சுப் பார்த்தாங்க. குழாய்ல ஊதச் சொன்னாங்க, நெஞ்சை ஸ்கேன் பண்ணினாங்க. அப்புறம் அவரு, நான், பொண்ணுன்னு மூணு பேரையும் உக்கார வெச்சுப் பேசினாங்க.

“வயசை மட்டும் பார்த்து நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்மா. அம்பதுல படி ஏற முடியாதவங்க இருக்காங்க, எழுபத்தாறுல இவரு ஏறிட்டாரு. ஆனா ஒளிக்காம சொல்லணும். ஆபரேஷன் முடிஞ்சதும் வர்ற சிக்கல் இளவயசுக்காரங்களை விட இந்த வயசுல அதிகம். இதயம் தாளம் தப்பலாம். சளி கட்டி நிமோனியா வரலாம். சில பேருக்குப் புத்தி கொஞ்ச நாள் குழம்பும். வலிச்சாலும் இருமணும், வலிச்சாலும் நடக்கணும். இருமித் துப்புறவங்க வீட்டுக்குப் போவாங்க. துப்பாதவங்க மூச்சு மெஷினுக்குப் போவாங்க.”

“சரி”ன்னாரு இவரு. அவ்வளவு பெரிய பேச்சுக்கு ஒத்தைச் சொல் பதில்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு பெயின்டர். இவருக்கு ஆபரேஷன் பண்ணின அன்னிக்கே அவனுக்கும் பண்ணினாங்க, அதே மாதிரி நுரையீரல்ல ஒரு பகுதி எடுத்தாங்க. அவனுக்கு வயசு நாப்பத்தஞ்சு. மறுநாளே எழுந்துட்டான்! விலாவுல சொருகின குழாயோட பாட்டிலைக் கையில தூக்கிக்கிட்டு, பால் வாங்கப் போறவன் மாதிரி வராண்டாவுல நடக்கிறான். அவன் பொண்டாட்டி ஆரஞ்சு உரிச்சு வாயில ஊட்டறா, அவன் ஏதோ சொல்றான், அவ கெக்கேபிக்கேன்னு சிரிக்கிறா.

எனக்கு வயிறு எரிஞ்சுது. அவன் நல்லாயிருந்தா எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? ஒண்ணும் குறையல. ஆனாலும் எரிஞ்சுது. ஒரே டாக்டர், ஒரே கத்தி, அவனுக்கு ஆரஞ்சு, இங்க இவருக்கு இதயம் தடதடன்னு தாளம் தப்பி ஓடுது. அதுக்கு மருந்து ஏத்தி ஒரு வழியா அடக்கினாங்க. அதோட விட்டுச்சான்னா, இல்ல.

அதுக்கடுத்த நாள் காலையில கஞ்சி எடுத்துக்கிட்டுப் போறேன். மனுஷன் நிமிர்ந்து உக்காந்துக்கிட்டு, கட்டிலோட பக்கவாட்டுக் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, எதிர்ச் சுவரை முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்காரு. என்னைப் பார்த்தாரு.

“யாரும்மா நீங்க? டிக்கெட் எடுத்துட்டீங்களா?”

விளையாடறாருன்னு நினைச்சேன். இவரு விளையாடி நான் எப்போ பார்த்தேன்? “என்னங்க, நான்தான்”னேன்.

“உள்ள போய் உக்காருங்கம்மா. வழியில நிக்காதீங்க.”

கட்டின பொண்டாட்டியை நீங்கன்னு மரியாதையா கூப்பிட்டு உள்ள தள்ளிட்டாரு! சரின்னு பக்கத்துல இருந்த ஸ்டூல்ல உக்காரப் போனேன். அதுல முகம் துடைக்கிற கைக்குட்டையை நாலா மடிச்சுப் போட்டு வெச்சிருந்தாரு. “அங்க உக்காராதீங்க! ஆள் வருது!”ன்னு ஒரு அதட்டு. யாரு வரப் போறான்னு புரிஞ்சு போச்சு.

டாக்டரம்மா வந்து பார்த்தாங்க. “பயப்படாதீங்க, இது பைத்தியம் இல்ல. வயசானவங்களுக்கு பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற குழப்பம்தான். தெளிஞ்சுடும். கண்ணாடியைப் போட்டு விடுங்க. இது எந்த இடம், நீங்க யாருன்னு நிதானமா எடுத்துச் சொல்லிக்கிட்டே இருங்க. ஆனா இருமாம இருக்காரே, அதுதான் எனக்குக் கவலை”ன்னாங்க.

எடுத்துச் சொன்னேன். தொண்டை வரள வரள சொன்னேன். கேட்டாத்தானே! மூச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பொண்ணு வருவா, மூணு பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டு வந்து இழுங்க தாத்தாம்பா. “வண்டி ஓட்டும்போது விளையாட்டுச் சாமானா?”ன்னு அதைத் தட்டி விட்டாரு. நடக்கலாம் வாங்கன்னா, “முன்சீட்டு ஆள் இன்னும் ஏறல. வண்டியை எடுக்க மாட்டேன்.” விலாவுல இருந்த குழாயை கியர்னு நினைச்சு இழுக்கப் போனாரு. நல்ல வேளையா நான் கையைப் பிடிச்சேன். பெயின்டர் பொண்டாட்டி திரையை விலக்கிக்கிட்டு வந்து, “ஐயோ பாவம், யாரைக்கா தேடறாரு?”ன்னு கேட்டா. எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு மனசுக்குள்ள திட்டிட்டு, “சொந்தக்காரங்க ஒருத்தரை”ன்னு சொல்லி வெச்சேன்.

அப்புறம் பொறுக்க முடியாம கத்திட்டேன். “அவ வரமாட்டா. அவ செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு!”

“அப்படியா?”ன்னாரு. முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. இப்போதான் முதல் தடவையா கேக்கிற மாதிரி கண்ணுல தண்ணி நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல அதையும் மறந்துட்டு, மறுபடி கழுத்தை நீட்டி ஸ்டாப்பைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டாவது தடவை அதைச் சொல்ல எனக்கு மனசு வரல.

மறுநாள் காய்ச்சல் கண்டுடுச்சு. மூச்சு இழுக்கும்போது உள்ள கொறகொறன்னு சத்தம். விரல்ல மாட்டின கருவியில ஆக்ஸிஜன் நம்பர் இறங்கிக்கிட்டே வருது. டாக்டரம்மா என்னையும் எங்க பொண்ணையும் வெளிய கூப்பிட்டாங்க. “சளி கீழ தேங்கி நிக்குது. சாயந்திரத்துக்குள்ள இருமி எடுக்கலைன்னா தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும். இந்த வயசுல மெஷின்ல போட்டா வெளிய எடுக்கிறது லேசு இல்ல.”

டாக்டரம்மா போனதும் பொண்ணு என் கையைப் பிடிச்சா. “சித்தி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லாமயே கோவமாத்தான் இருக்கேன். சொல்லு.”

“நீங்க அம்மான்னு சொல்லி அந்த ஸ்டூல்ல உக்காந்துடுங்களேன். அம்மா சொன்னா அப்பா கேப்பாரு.”

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சோ. “நான் உங்கம்மா ஆகணுமா? நீயே போயேன், உனக்குத்தான் அதே பல்லு இருக்கே!”

“நான் போய்ப் பார்த்தேன் சித்தி. பாப்பா, அம்மா எங்கன்னு கேக்கிறாரு”ன்னு அழுதா. “அப்பாவுக்காக சித்தி.”

“உங்கப்பாவுக்காக நான் இத்தனை வருஷம் நானா இருந்தது பத்தாதா?”

கேட்டுட்டேனே தவிர, கண்ணாடிக் கதவு வழியா பார்த்தா அவரு கொறகொறன்னு மூச்சு இழுத்துக்கிட்டு ஸ்டாப்பைப் பார்த்துக்கிட்டிருக்காரு. மானமா புருஷனான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? உள்ள போனேன். அந்தக் கைக்குட்டையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்தேன். முன்சீட்டுக்காரி எப்படிப் பேசுவா, எனக்கு எப்படித் தெரியும்? போட்டோ பேசுமா? என் குரலைப் பாதியா குறைச்சுக்கிட்டு, “ஏறிட்டேன்”னேன்.

திரும்பினாரு. அந்த மூஞ்சியை நான் என் வாழ்க்கையில பார்த்ததில்ல. விளக்குப் போட்ட மாதிரி இருந்துச்சு.

“இன்னிக்கு லேட்டு”ன்னாரு. “சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“கால் சுடுதா? எஞ்சின் இன்னிக்கு ரொம்பக் கொதிக்குது. கீழ சாக்கு மடிச்சுப் போட்டிருக்கேன் பாரு, அது மேல காலை வெச்சுக்க.”

அடப்பாவி மனுஷா! நாள் பூரா ஜெராக்ஸ் மெஷின் சூட்டுல நின்னு, கால் வீங்கி வீட்டுக்கு வந்திருக்கேன் நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கால் வலிக்குதான்னு கேட்டிருப்பியா? அவளுக்கு சாக்கு மடிச்சுப் போட்டியா? நெஞ்சு குமுறுது, ஆனா வாயைத் திறந்தா என் குரல் வந்துடும். காலைத் தூக்கி, இல்லாத சாக்கு மேல வெச்சேன்.

“உங்களுக்கு நெஞ்சுல புகை அடைச்சிருக்கு. இருமுங்க”ன்னேன்.

“வலிக்குது.”

“நான் பிடிச்சுக்கிறேன். எனக்காக இருமுங்க.”

தலைகாணியைத் தையல் மேல வெச்சு அவரு கையோட என் கையையும் சேர்த்து அழுத்தினேன். இருமினாரு. முதல்ல ஒண்ணும் வரல. இன்னொரு தடவைன்னேன். அடிவயித்திலிருந்து இருமினாரு, முகம் செவந்து, கண்ணுல தண்ணி வந்து, கெட்டியா பச்சையா வந்து விழுந்துச்சு. தட்டை நீட்டின நர்ஸு, “அப்படித்தான் தாத்தா!”ன்னு கூவினா. நான் அவளா இருந்து சந்தோஷப்பட்டேன், நானா இருந்து வெந்தேன்.

அப்புறம், “வண்டியை எடுங்க”ன்னேன். ரெண்டு பக்கமும் பார்த்தாரு. எழுந்தாரு. பயிற்சிப் பொண்ணு பாட்டிலைத் தூக்கிக்க, நான் பக்கத்துல நடக்க, வராண்டா முனை வரைக்கும் போய்த் திரும்பினோம். பெயின்டர் பொண்டாட்டி கை தட்டினா, சனியன்.

சாயந்திரம் மெஷின் வேணாம்னுட்டாங்க. அதுக்கப்புறம் இருமல் நேரம் வந்தா நான் ஸ்டூல்ல ஏறணும், நடக்கிற நேரம் வந்தா ஸ்டூல்ல ஏறணும். காய்ச்சல் இறங்கிச்சு, நம்பர் ஏறிச்சு. புருஷனைப் பிழைக்க வைக்க சக்களத்தியா ஆள் மாறாட்டம் பண்ணின பொம்பளை உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ஒரு விஷயம் சொல்லட்டுமா? வெக்கமாத்தான் இருக்கு. வர வர நான் சீக்கிரமே ஸ்டூலுக்குப் போக ஆரம்பிச்சேன். சாப்பிட்டியா, தூங்கினியா, உன் மேல வெயில் படுதா, இந்தக் கண்ணாடியைத் திருப்பி விடட்டுமான்னு அவரு கேக்கிறதைக் கேக்கணும் போல இருந்துச்சு. எழுந்து வந்ததும் அவ மேல இன்னும் எரியும். இவ்வளவையும் தினம் வாங்கிக்கிட்டுத்தானே போனா அவ, சொகுசுக்காரி!

பெயின்டர் வீட்டுக்குப் போன அன்னிக்கு மத்தியானம். ஜன்னல் வழியா வெயில் கட்டில் மேல விழுந்திருந்துச்சு. இருமி முடிச்சு, நடந்து முடிச்சு, அவரு சாஞ்சு உக்காந்திருந்தாரு. நான் ஸ்டூல்ல. அக்கம்பக்கம் பார்த்துட்டுக் குரலை இறக்கினாரு.

“நீ அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்க.”

“ஏன்?”

“வண்டி டிப்போவுக்குப் போகுது.”

“நானும் டிப்போ வரைக்கும் வரேனே.”

“வேணாம். அங்க ஒருத்தி காத்துக்கிட்டிருப்பா. உன்னைப் பார்த்தா அவ மனசு நொந்துடும்.”

யாரு அவன்னு கேட்டா என் குரல் காட்டிக் கொடுத்துடும். இருந்தாலும் கேட்டேன். “யாரு?”

“வீட்டுல இருக்கா. கோவக்காரி. நம்ம பொண்ணை வளர்த்தா. அவளுக்கு உன்னைப் பத்திப் பேசினாலே ஆகாது. அதனால நான் பேசறதே இல்ல. வாயைத் திறந்தா உன் பேர் வந்துடுமோன்னு எதையுமே பேசறதில்ல.”

நீங்க நம்புவீங்களோ மாட்டீங்களோ, அந்த நேரத்துல எனக்கு யார் மேல பொறாமை வந்துச்சு தெரியுமா? டிப்போவுல நிக்கிறாளே, அவ மேல. இத்தனை நாள் இந்த சீட்டுல சொகுசா உக்காந்துட்டு, சாக்கு மேல கால் வெச்சிருந்த என்னை, இப்போ எவளோ ஒருத்திக்காக நடுவழியில இறக்கி விடறாரு. முன்சீட்டுக்காரிக்காக வயிறு எரிஞ்சுது எனக்கு! வீம்பு வந்துடுச்சு.

“இறங்க மாட்டேன்”னேன்.

“இறங்குன்னா இறங்கு.”

“மாட்டேன்.”

“ஏய்! சொன்னா கேக்க மாட்டியா? இறங்குடி!”

ஏய். அவளுக்கும் அதே ஏய்தான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. கைக்குட்டையை மடிச்சு ஸ்டூல்ல வெச்சுட்டு எழுந்து வெளிய போனேன். குழாயடியில நின்னு முகத்தைக் கழுவினேன். முகம் கழுவினது எதுக்குன்னா, திரும்பிப் போறப்போ யாரா போறதுன்னு எனக்கே தெரியாததாலதான். அப்புறம் பிளாஸ்கை எடுத்துக்கிட்டு, என் நடையில, என் கரகரக் குரலோட உள்ள போனேன்.

“டீ குடிக்கிறீங்களா?”

நிமிர்ந்து பார்த்தாரு. கண்ணாடிக்குள்ள அந்தக் கண்ணு ரெண்டும் என்னைத் தேடி வந்து நின்னுச்சு.

“ஏய், இவ்வளவு நேரம் எங்க போன? எவ்வளவு நேரமா பார்த்துக்கிட்டிருக்கேன்.”

பிளாஸ்கைக் கீழ வெச்சேன். நான் சும்மா விடறவளா? “யாரோடயோ பேசிக்கிட்டிருந்தீங்களே, யாரு?”ன்னேன்.

ஸ்டூலைப் பார்த்தாரு. அதுல இருந்த கைக்குட்டையை மெதுவா எடுத்துத் தலைகாணிக்கு அடியில சொருகினாரு.

“யாரும் இல்லையே. நர்ஸு வந்துட்டுப் போச்சு.”

பொய்! இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவே வராது, காது செவந்துடும். செவந்திருந்துச்சு. என் மனசு நோகக் கூடாதுன்னு அவளை ஒளிச்சு வைக்கிறாரு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, தலைகாணியை எடுத்து அவரு நெஞ்சுல வெச்சேன்.

“இருமுங்க.”

“வலிக்குதுடி.”

“வலிச்சா வலிக்கட்டும். நான் சொல்றேன், இருமுங்க.”

இருமினாரு.